அம்மா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த இடம்

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கதவு திறந்திருந்து உள்ளே ஆள் இல்லையென்றால் நான் வாசலிலேயே நின்றுவிடுவேன். திருடன் பயம் இல்லை. எங்கள் வீட்டில் திருட என்ன இருந்தது? கர்த்தர் வந்துவிட்டார், அம்மாவை எடுத்துக்கொண்டார், என்னை விட்டுவிட்டார் என்கிற பயம்.

அப்போது நாங்கள் கேஜிஎஃபில், கோலார் தங்கச் சுரங்கத்து லைன் வீட்டில் இருந்தோம். அப்பா சுரங்கத்துக்குள் இறங்குகிறவர். அவர் ஞாயிற்றுக்கிழமை மிஷன் கோயிலுக்குப் போவார். அம்மா மட்டும் பக்கத்துத் தெருவில் புதிதாக ஆரம்பித்த சின்ன சபைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அங்கே எந்தக் கூட்டம் நடந்தாலும் கர்த்தருடைய இரண்டாம் வருகையைப் பற்றித்தான் பேச்சு. கண்ணை மூடித் திறப்பதற்குள் நடக்கும். வயலில் இருவர் இருந்தால் ஒருவர் இருக்கமாட்டார். எடுத்துக்கொள்ளப்பட்டவர்களின் துணி மட்டும் தரையில் கிடக்கும் என்று பாஸ்டர் சொல்வார்.

ஒரு நாள் நான் வந்தபோது அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. முறத்தில் அரிசி பாதி பொறுக்கினபடி. தரையில் அம்மாவின் புடவை சுருண்டு கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டக்கா ஓடி வந்தார்.

"இன்னாடா ஆச்சு? உங்கம்மா தண்ணிக்குப் போயிகீறா. எதுக்கு இப்படி அலர்ற?"

எனக்கு ஆறுதல் வரவில்லை. பக்கத்து வீட்டக்கா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர். வருகை நடந்திருந்தாலும் அவர் இங்கேதான் இருப்பார். அவரை வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது. சபையைச் சேர்ந்த யாரையாவது பார்த்தால்தான் ஆகும் என்று ஓடினேன். மார்க்கெட் முனையில் பாஸ்டரம்மா முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். திரும்பி வரும் வழியில் இன்னொரு யோசனை வந்துவிட்டது: ஒருவேளை பாஸ்டரம்மாவையும் விட்டுவிட்டிருந்தால்?

நான் அப்படிப்பட்டவன். இப்போதும் அப்படித்தான்.

அப்பா நான் எட்டாவது படிக்கும்போது போனார். வருஷக்கணக்காக உள்ளே இழுத்த கல்தூசி நெஞ்சை அடைத்துவிட்டது. கோயில் கல்லறைத் தோட்டத்தில் அவரை வைத்தார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. புருஷன் முதலில் போனால் குழியை ஆழமாகத் தோண்டுவார்கள். பின்னால் பெண்சாதியை அவர் மேலேயே வைக்க இடம் விட்டு மூடுவார்கள். கோயில் செக்ரெட்டரி அம்மாவிடம் வந்து, "மேல ஒனக்கு ஜாகா விட்டு வெச்சிருக்கும்மா, கவலைப்படாத" என்றார். அங்கே அதை ஆறுதலாகத்தான் சொல்வார்கள்.

சில மாதம் கழித்து அம்மா தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் எடுத்தாள். அதற்குப் பிறகு பழைய கோயில் புத்தகத்தில் பேர் இருக்கக்கூடாது என்று சபையில் சொன்னார்கள். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழிக்கச் சொன்னாள்.

"எழுதுடா. எங்க பேர அடிச்சிடுங்க. சந்தா கட்டமாட்டோம். அப்புறம் எழுது, எங்க வீட்டுக்காரர் குழியில எனக்கு வெச்சிருக்கற ஜாகாவும் வேணாம். வேற யாருக்காச்சும் குடுங்க."

"அதையுமாம்மா?"

"எனக்கு எதுக்குடா அது? நான் குழிக்குள்ள போறவளா? கர்த்தர் வர்ற வரைக்கும் உயிரோட இருந்து, அப்படியே மேல போறவ நான். நீயும்தான். எழுது."

எழுதினேன். எழுத்து அழகாக வரவேண்டும் என்று கோடு போட்டு எழுதினேன். அம்மா கைநாட்டு வைத்தாள், சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். நானேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன். செக்ரெட்டரி படித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். தாளை ஒரு ஃபைலில் செருகினார்.

அந்தச் சமயத்தில்தான் சுரங்கத்தையும் மூடினார்கள். பெங்களூர் வந்தோம், நீலசந்திராவில் மாடியில் ஒற்றை அறை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க அம்மா அலையவில்லை. அவர் வரும்போது எட்டாவதா பத்தாவதா என்று கேட்கப்போவதில்லை என்றாள். நான் அழவில்லை. வீட்டை விட்டு வெளியே போகாமல் அம்மா கண்ணெதிரிலேயே இருக்கலாம் என்பது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று புரிய வயசாக வேண்டியிருந்தது.

இங்கேயும் ஒரு சபை கிடைத்தது. பேக்கரிக்கு மேலே ஒரு ஹால். கீழே பன் வேகும் வாசனை மேலே வரும். உபவாசக் கூட்டத்தன்று ரொம்பக் கஷ்டம். ஒவ்வொரு ஞாயிறும் சாட்சி சொல்லும் நேரத்தில் அம்மா எழுந்து நிற்பாள். "குழியே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்தவ நான். என் மவன்தான் எழுதினான்" என்பாள். எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்வார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். முதலில் வெட்கத்தில். பிறகு வேறு காரணத்தில்.

அம்மா எதையும் நீண்ட நாளைக்கு என்று வாங்கமாட்டாள். அரிசி மூட்டையாக வாங்கினால் மலிவு என்று சொன்னாலும் கேட்காமல் இரண்டு கிலோ, மூன்று கிலோ என்று வாங்குவாள். புது வருஷக் காலண்டரை ஜனவரி பாதி போன பிறகுதான் மாட்ட விடுவாள். காலையில் மொட்டை மாடிக்குப் போய்க் கிழக்கே பார்த்து நிற்பாள். அந்தப் பக்கம் ஒரு அபார்ட்மெண்ட் மாடி மாடியாக ஏறி, கடைசியில் சூரியன் வருவதே தெரியாமல் மறைத்துவிட்டது. அம்மா அதற்குப் பிறகும் அங்கேயே நின்றாள். "அவர் வர்றதுக்கு இது ஒரு மறைப்பா?" என்றாள்.

எனக்கு ஹெப்பகோடி பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் செக்கிங் வேலை. தைத்து வருகிற சட்டையை மேசையில் விரித்து, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே கறை இருக்கிறது என்று பார்த்து அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டவேண்டும். வேலை என் சுபாவத்துக்குப் பொருந்திவிட்டது. எதைப் பார்த்தாலும் ஓட்டைதான் முதலில் தெரியும். என் பெண்சாதி சொல்வாள்: "ஒங்கள மேல எடுத்துகினு போனாகூட, தூதருங்க ரெக்கையில எங்க நூல் பிரிஞ்சிருக்குன்னு பாப்பீங்க."

அவளும் எங்கள் சபைதான். ஆனால் அவள் அரிசியை மூட்டையாக வாங்குகிற ஆள்.

சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் சபையில் ஒரு வயதான பிரதர் இறந்துபோனார். அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. எங்கள் சபைக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது. வாடகை ஹாலில் கூடுகிறவர்களுக்கு அது எப்படி இருக்கும்? பெரிய கோயில்களின் தோட்டத்தில் அவரவர் உறுப்பினருக்குத்தான் இடம். காலையில் வண்டியில் ஏற்றிய உடம்பை வைத்துக்கொண்டு பிரேசர் டவுன் பக்கம் போனோம், அங்கிருந்து இந்தப் பக்கம் வந்தோம். ஒவ்வொரு கேட்டிலும் பாஸ்டர் இறங்கிப் போவார், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வருவார். வெயில் ஏறிவிட்டது. கடைசியில் மின்சார மயானத்தில் எரித்தார்கள். அவர் பெண்சாதி பாஸ்டரிடம் கேட்டது எனக்குக் கேட்டது: "ஐயா, சாம்பல்லேர்ந்து எழுப்புவாரா?"

"அவரால முடியாததா சிஸ்டர்?" என்றார் பாஸ்டர். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "நல்லவேளை, நமக்கு அந்தப் பாடு இல்ல" என்றாள்.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லாமல் போனது. அம்மாவை எங்கே வைப்பது? பஸ்ஸில் போகும்போது கல்லறைத் தோட்டச் சுவர் வந்தால் எழுந்து நின்று எட்டிப் பார்ப்பேன், உள்ளே காலி இடம் இருக்கிறதா என்று. இதை யாரிடமும் சொல்ல முடியாது. அம்மாவுக்குக் குழி தேடுவது என்றால், அம்மா சாவாள் என்று நான் நினைக்கிறேன் என்று அர்த்தம். அம்மா சாவாள் என்றால், அதற்குள் அவர் வரமாட்டார் என்று அர்த்தம்.

போன வருஷம் அம்மாவுக்குக் கால் வீங்க ஆரம்பித்தது. மூன்று படி ஏறினால் மூச்சு வாங்கியது. கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் இதயம் பெரிதாகிவிட்டது என்றார்கள். இரண்டாம் முறை சேர்த்தபோது டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்துப்போங்கள், கேட்டதைச் செய்து கொடுங்கள் என்று கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். எவ்வளவு நாள் என்று கேட்க நினைத்தேன். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு கேஜிஎஃபுக்கு ரயில் ஏறினேன். பெண்சாதிக்கு மட்டும் தெரியும். ரயிலில் எனக்கு எதிரே வந்தவர்கள் எல்லாம் பெங்களூரில் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் திரும்புகிறவர்கள்; வாயைத் திறந்தபடி தூங்கினார்கள். அவர்களில் யார் மூச்சு விடுகிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டே போனேன்.

கோயில் ஆபீஸில் பழைய செக்ரெட்டரி இல்லை. அவர் மகன்தான் இப்போது அந்த வேலையில் இருந்தார். உட்காரச் சொன்னார். அப்பா பேரைச் சொன்னதும் பீரோவைத் திறந்து தேடினார். கட்டு கட்டாக இருந்த ஃபைலில் ஒன்றை எடுத்துப் புரட்டி, ஒரு தாளை மேசைமேல் திருப்பி வைத்தார்.

கோடு போட்ட தாள். ஓரத்தில் நோட்டிலிருந்து கிழித்த பிசிறு. அம்மாவின் கட்டைவிரல் ரேகை ஊதா மையில் மங்கிப்போயிருந்தது.

"இது யார் எழுத்துங்க?"

"என்னுதுதான்."

"எவ்ளோ அழகா எழுதிகீறீங்க" என்றார். கிண்டல் இல்லை, நிஜமாகத்தான் சொன்னார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"அந்த ஜாகா..."

"அத எப்பவோ இன்னொரு குடும்பத்துக்குக் குடுத்துட்டாங்கண்ணா. அவங்க ஊட்ல ஒருத்தர் போயிட்டாங்க. உங்கப்பாவுக்கு மேல அவங்கதான் கீறாங்க." ஃபைலை மூடிவிட்டு, "எங்கப்பா ஒரு வருஷம் குடுக்காம வெச்சிருந்தாராம். உங்கம்மா மனசு மாறி வருவாங்கன்னு" என்றார்.

தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். அப்பா குழிமேல் யாரோ ஒரு அம்மாவின் பேர் போட்ட கல். காய்ந்த செவ்வந்தி மாலை இருந்தது. அந்தக் குடும்பம் ஒழுங்காக வந்து பார்த்துக்கொள்கிறது. கல்லுக்குக் கீழே அப்பாவின் பழைய சிலுவையைச் சாய்த்து வைத்திருந்தார்கள், தூக்கி எறியவில்லை. யாரையும் கோபித்துக்கொள்ள எனக்கு வழியில்லை.

அம்மாவுக்கு இது தெரிந்திருக்கவே கூடாது. ஆனால் ஒரு வாரம் கழித்து அம்மா மாத்திரை சாப்பிடமாட்டேன் என்று வம்பு பிடித்தாள். "இன்னும் கொஞ்ச நாள்தான், அவர் வந்துடுவாரு, எதுக்கு இந்தக் கசப்பு?" என்று கையைத் தட்டிவிட்டாள். மாத்திரை கட்டிலுக்கடியில் உருண்டு ஓடியது. நாலு நாளாகச் சரியாகத் தூங்காத என் பெண்சாதிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்துவிட்டது.

"நீங்க மேல போறேன் மேல போறேன்னு சொல்லிகினு இருங்க அத்தை. ஒங்க புள்ள கீழ எடம் தேடி கேஜிஎஃப் வரைக்கும் போயிட்டு வந்துகீறாரு."

சொன்னதும் அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சின்ன வயசில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டபோது பார்த்த மாதிரி இல்லை. யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"எனக்குக் குழி தேடினியாடா?"

"இல்லம்மா, சும்மா..."

"அவர் வரமாட்டார்னு நீ முடிவு பண்ணிட்ட."

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கவேண்டும். நான் குனிந்து கட்டிலுக்கடியில் மாத்திரையைத் தேடினேன். ரொம்ப நேரம் தேடினேன். நிமிர்ந்தபோது அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அம்மா வருகையைப் பற்றிப் பேசவில்லை. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணும்போது ஆமென் மட்டும் சொன்னாள். மாத்திரையை மறுக்காமல் போட்டுக்கொண்டாள். என் பெண்சாதி, "அத்தை சொன்ன பேச்சு கேக்கறாங்க, பரவால்ல" என்றாள். எனக்கு அது நல்லதாகப் படவில்லை. அம்மா சொன்ன பேச்சு கேட்கிறவள் இல்லை.

கடைசி நாள் மத்தியானம். கீழ் வீட்டில் பிரஷர் குக்கர் விசில் அடித்தது. நான் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். விரல் வைத்த இடமெல்லாம் குழியாகி, மேலே வர நேரம் பிடித்தது. தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"டேய். அங்க போனியே. கெடச்சுதா?"

"இன்னாதும்மா?"

"அதான். ஒங்கப்பா மேல."

இத்தனை வருஷத்தில் அம்மா அதைக் கேட்டதே இல்லை. கேட்கமாட்டாளா, கேட்டால் ஏற்பாடு பண்ணலாமே என்று நான்தான் தவித்துக்கொண்டிருந்தேன். இப்போது கேட்டதும், கேட்காமலே இருந்திருக்கலாமே என்று தோன்றியது. அம்மா மேலே பார்ப்பதை விட்டுவிட்டாள். விட வைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

"கெடச்சிடுச்சும்மா" என்றேன். "அப்படியே வெச்சிருக்காங்க. யாருக்கும் குடுக்கல."

"கடுதாசி குடுத்தோமே?"

"அது காணாம போச்சாம்."

அம்மா தலையை ஆட்டினாள். "நல்லதாப் போச்சு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்கப்பாவுக்குக் கனமா இருக்கும்" என்று சிரித்தாள். எனக்குத் தெரிந்து அதுதான் கடைசிச் சிரிப்பு. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் போய்விட்டாள்.

எரிக்கமாட்டேன் என்று நான் பிடிவாதமாக நின்றேன். அந்த ஒன்றையாவது செய்யவேண்டும் என்று இருந்தது. பாஸ்டர் மறுநாள் முழுக்க ஆளாளுக்குப் போன் பண்ணி, ஊருக்கு வெளியே ஒரு பொது மயானத்தில், கிறிஸ்தவர்களுக்கு விட்ட ஓரத்தில், காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒரு இடம் வாங்கினார். அங்கே குழி வடக்கு தெற்காகத்தான் தோண்டியிருந்தது. எங்களவர்களைக் கிழக்கே கால் நீட்டித்தான் வைப்பது வழக்கம், எழுந்திருக்கும்போது அவர் வருகிற திசை முகத்துக்கு நேராக இருக்கவேண்டும் என்று. நான் வாட்ச்மேனிடம் போய்ச் சொன்னேன். நம் தமிழ்க்காரர்தான்.

"கெழக்கு மேக்குலாம் பாத்தா ஜாகா எங்கண்ணா கீது? செவுரு இடிக்கும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "எழுந்து திரும்பிக்க மாட்டாங்களா?" என்றார்.

பாஸ்டர் குழியருகே நின்று, உறங்குகிறவர்கள்தான் முதலில் எழுவார்கள், உயிரோடிருக்கிறவர்கள் அதற்குப் பிறகுதான், நம் சிஸ்டர் நமக்கு முன்னால் போவார் என்று பேசினார். நான் அதைக் கேட்கவில்லை என்று சொல்லமுடியாது. ஆனால் அம்மாவுக்கு இதைச் சொல்லியிருக்கலாமே, குழிக்குப் போனாலும் தோற்றுப்போனதாக ஆகாது என்று ஒருவராவது சொல்லியிருக்கலாமே என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. உயிரோடு போகிறவர்களைப் பற்றித்தான் எங்கள் ஹாலில் வருஷம் முழுக்கப் பேச்சு. இந்தப் பேச்சைக் குழி மேட்டுக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள்.

மண் போட்டு முடித்த பிறகு வாட்ச்மேன் இன்னொன்றும் சொன்னார். கல் வைக்கவேண்டாம், வீண் செலவு. சில வருஷம் போனதும் இந்த வரிசையை மறுபடி தோண்டி வேறு ஆளை வைப்பார்கள். எலும்பு இருந்தால் ஓரமாகப் போடுவார்கள். எப்போது என்று அவருக்கே தெரியாது, கூட்டத்தைப் பொறுத்தது.

வருகை சீக்கிரம் இருக்கட்டும் என்று நான் ஒரு நாளும் உண்மையாக ஜெபித்தது கிடையாது. எல்லாரும் உரக்கச் சொல்லும்போது வாயை மட்டும் அசைப்பேன். காலியான லைன் வீடும் தரையில் கிடந்த புடவையும்தான் என் கண்ணுக்கு வரும். இப்போது ஜெபிக்கிறேன். அந்த வரிசையைத் தோண்டுவதற்குள் வந்துவிடும் ஆண்டவரே என்று கேட்கிறேன். என்னை எடுத்தாலும் விட்டாலும் சரி. வருவார் என்று எனக்குத் தோன்றுகிறதா என்றால், தோன்றவில்லை. அம்மாவுக்கு இருந்ததில் கால்வாசிகூட எனக்கு இல்லை. அவளுக்கு இருந்ததையும் கடைசியில் நான்தான் எடுத்துவிட்டேன். கேட்பதை மட்டும் விடவில்லை.

மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் பஸ் பிடித்துப் போகிறேன். செக்கிங் மேசையில் வைத்திருக்கும் டேப்பைக் கொண்டுபோய், கேட் பக்கத்து மூலையிலிருந்து அம்மா தலைமாட்டில் நட்ட மரச்சிலுவை வரை அளக்கிறேன். பக்கத்தில் புதுக்குழி எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று பார்க்கிறேன். போன முறை வாட்ச்மேன் பீடியை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"இன்னாண்ணா, மாசாமாசம் வந்து அளந்துகினு கீற. உங்கம்மா எங்க போயிடப் போறாங்க?"

நான் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் பெண்சாதி வாசலிலேயே கேட்பாள், கிண்டல் இல்லாமல், வந்ததும் சோறு போடட்டுமா என்று கேட்பதற்கு முன்னால்.

"இருக்காங்களா?"

"இருக்காங்க" என்பேன்.